வானத்தில் குத்திய முத்திரை

எங்கள் ஊர் பொத்ஹ்ராதியே.
கோட்டைக்குக் கீழே என்று அர்த்தம்.
ஸ்லோவாக்கியாவில் இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு,
தபால் அடிக்கடி வழிதவறும்.

திங்கட்கிழமை எங்கள் கோட்டை
தாள்தாளாக வந்திறங்கியது.
தாளுக்கு முப்பது கோட்டை.
கையெழுத்திட்டு வாங்கி இழுப்பறையில் பூட்டினேன்.
மூன்று முற்றுகைக்கு விழாதது
பசைப்பக்கம் கீழாகப் படுத்துக்கொண்டது.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டில்
வியன்னாவிலிருந்து நடந்து வந்த ஓவியர்
மழையில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு வரைந்தது.
நதியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்திருக்கிறார்.
இல்லாத ஓக் மரமொன்றை நட்டிருக்கிறார்.
கோபுரத்தை மட்டும் கண்டபடியே விட்டார்:
இடிந்துதான்,
ஆனால் இன்றைக்கு நிற்பதைவிட
இரண்டு ஆள் உயரம் கூடுதல்.

அந்த இரண்டு ஆள் உயரம் எங்கே போனதென்று
ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும், சொல்லமாட்டார்கள்.
பாலத்தின் கால். பள்ளிக்கூடத்துப் படி.
தபால் நிலையத்தின் வடக்குச் சுவர்,
பனிக்காலத்தில் நான் முதுகு சாய்க்காத சுவர்.

செவ்வாய் மத்தியானம் க்வாஸ்னிட்சா வந்தார்,
பூட்ஸில் சேறோடு.
தபால்தலையை மூக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.
"இரண்டாவது ஜன்னல். மேல்கல்லில் வெடிப்பு, தெரிகிறதா?"
கொசுவின் முழங்கால் அளவு ஜன்னல். எங்கே தெரிய?
"அந்தக் கல் என் பன்றிக்கொட்டில் வாசலில்.
தினமும் தலையில் இடித்துக்கொள்கிறேன்."
பிறகு குரல் தாழ்த்தி,
"அரசாங்கம் திருப்பிக் கேட்குமா?"

கேட்காது என்றேன்.
மெல்பர்னில் இருக்கும் மகள் மிலோஸ்லாவாவுக்குக் கடிதம்.
ஒட்டினார். கட்டைவிரலால் அழுத்தினார்,
சுவர் வைக்கிறவர்போல.
"ஜன்னலில் குத்தாதே."

இருபத்திரண்டு வருடமாகக் குத்துவதே என் பிழைப்பு.
பூக்கள், விமானங்கள், ஹாக்கி வீரர்கள், ஓர் ஆயர்,
முகம் பார்த்ததில்லை.
அன்று கை கொஞ்சம் நின்றது.
மூச்சைப் பிடித்து, இடது மூலையில்,
அவர் மழைமேகம் பூசியிருந்த இடத்தில் வைத்தேன்.
பாதித் தேதி மேகத்தில்.
மீதி உறைமேல் வழிந்தது.

அவர் போனபிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
கோபுரத்தின் அடியில், நதிக்குப் போகிற பாதையில்
சிவப்புப் பாவாடை ஒன்று, கடுகளவு.
முதுகில் கூடை.
கனம், குனிவில் தெரிகிறது.

துவைக்கும் துணி என்கிறது
அஞ்சல்துறை அனுப்பிய குறிப்பு.
துணிக்கு இவ்வளவு குனியவேண்டாம்.