ஒரு கொள்ளுக் கனம்

கோயமுத்தூர்க் கடையில்
இரண்டு லென்ஸையும் மேசைமேல் வைத்தார் ஜமால்.
ஒன்று பதினாலு.
இன்னொன்று பதினாறில் தொடங்கி முப்பத்தைந்து வரை.
"ரெண்டு மில்லிமீட்டர்தானுங்க வித்தியாசம்."
ரெண்டு மில்லிமீட்டர் என்றால்
ஒரு கொள்ளைப் படுக்கப் போட்டால் வருகிற கனம்.
அந்தக் கொள்ளுக்கு விலை
முப்பத்தோராயிரம்.

பதினாலின் முகப்பு பிதுங்கியிருந்தது,
தவளைக் கண் மாதிரி.
ஃபில்டர் மாட்ட முடியாதுங்க என்றார்,
தரகர் ஜாதகத்தில் செவ்வாயைச் சொல்லும் குரலில்.

ஒரு நாள் வாடகைக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டு
திருப்பூர் பஸ் ஏறாமல்
தாராபுரம் பஸ் ஏறினேன்.
முதலில் ஆசைக்கு.
பெரியதைப் பிடிக்கத்தானே அகலம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
திரையில் பார்த்தால்
முப்பது காற்றாலையும் குண்டூசி.
வானம் மட்டும் கொட்டிக் கிடந்தது.
கீழே, நடுவில்,
யாருடையதோ ஒரு கட்டைவிரல்.
என்னுடையதுதான்,
வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்போடு.
பக்கத்தில் முழங்கால் உயர ஆவாரஞ்செடி
காற்றாலைகளைவிட ஓங்கி நின்றது.
கிட்டே இருப்பதுதான் இந்தக் கண்ணுக்குப் பெரியது.
எட்ட இருப்பவர்களை
கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறது.

சாயங்காலம் வேலை.
அனுப்பர்பாளையம் பக்கம்
நாச்சிமுத்து அண்ணனின் லைன் வீடு.
பத்துக்கு எட்டு. ஒரு ஜன்னல். ஓர் அட்டாலி.
"ரூம்பு பெருசாத் தெரியோணும் அம்மணி,
மத்தது உங்க பாடு."
குடியிருக்கிற மினதி இன்னும் காலி செய்யவில்லை.
ஒடிசாக்காரி, ஓவர்லாக் தைக்கிறாள்.
ஸ்டவ்வை ஒதுக்கினாள்,
கொடித் துணியைச் சுருட்டினாள்,
தன்னை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கதவோரம் ஒட்டி நின்றாள்.
பதினாலுக்குக் கதவோரமும் உள்ளேதான்.

முதுகைச் சுவரில் அழுத்தினேன்.
மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினேன்,
அதுவும் ஒரு மில்லிமீட்டர் தரும்.
அறை
இருபது பேர் உட்கார்ந்து சம்மந்தம் பேசும் கூடமானது.
படத்தைப் பார்த்த அண்ணன்
மனசுக்குள் வாடகையில் ஐந்நூறு ஏற்றியது
முகத்தில் தெரிந்தது.

மினதியும் எட்டிப் பார்த்தாள்.
"இது யார் வீடு அக்கா?"
உன்னுடையதுதான்.
நம்பவில்லை.
அட்டாலியில் அவள் டிரங்குப் பெட்டியைக் காட்டினேன்.
"அதுல, இந்த ஓரத்துல, நான் ஏன் குண்டா இருக்கேன்?"
ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துவிடும், லென்ஸ் அப்படி.
தோள் தலையணையாகி, கன்னம் உப்பி,
கை மட்டும் நீண்டு
ஜன்னல் கம்பியைத் தொடப் போவதுபோல்.
நெடுநேரம் பார்த்தாள்.
"பரவால்ல. அம்மாவுக்கு அனுப்புங்க.
நல்லா சாப்பிடறேன்னு நினைச்சுக்கும்."

மறுநாள் பதினாறை வாங்கினேன்.
நேர்மை என்று யாரும் எண்ண வேண்டாம்.
திருப்பூரில் பஞ்சு பறக்காத அறை கிடையாது;
பிதுங்கிய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே
ஒரு வருஷத்தில் கண்ணில் பூ விழும்.
பணமும் இல்லை.
பதினாறில் எடுத்த அறை
கொஞ்சம் அறையாகவே இருந்ததால்
அண்ணன் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

மினதி இப்போது கம்பெனி ஹாஸ்டலில்.
ஒரு ரூமுக்கு ஆறு பேர்.
நேற்று வாய்ஸ் மெசேஜ் வந்தது:
இதையும் ஒரு படம் எடுக்கணும் அக்கா,
அந்தத் தவளைக் கண்ணையே கொண்டு வாங்க.

பதில் இன்னும் அனுப்பவில்லை.
அரை நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று
ஜமாலிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.