வரவுப் பத்தி

ஐம்பது இருக்கை. ஒரே டிக்கெட்.
யஷ்வந்த்பூர் டிப்போவின் கணக்கு மேசையில்
நான் எழுதிய வரவு பதினைந்து ரூபாய்.
டீசலுக்கு எழுதியதைக் கேட்காதீர்கள்.

விடிகாலை நாலே முக்கால் வண்டி அது.
பெருக்கல் குறி ஒட்டிய சீட்டுகளைத் தாண்டி
கண்டக்டர் நிங்கம்மா
கடைசிக்கு முந்தின ஜன்னல் வரை போவாள்,
எட்ட நின்று
கையை மட்டும் நீட்டுவாள்.

அந்த ஒருத்தி ஸ்டெல்லா.
ஸ்ரீராமபுரத்தில் ஏறுவாள்.
பெரியாஸ்பத்திரியில்
ஆக்சிஜன் உருளை உருட்டும் வேலை.

"இந்த டிரிப்பை நிறுத்தினால் என்ன?"
மேலிடத்திலிருந்து போன் வந்த வாரம்
எங்களுக்குப் பாதிச் சம்பளம்தான் வந்திருந்தது.
டிரைவர் சன்னபசப்பா கேட்டார்:
"ரோட்டு விளக்கென்ன லாபத்திலா எரியுது?"
யாரும் வாய் திறக்கவில்லை.
முகக்கவசம் வேறு.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது அரசாங்கப் பணம்,
தாமதமாக, கேட்டதில் முக்கால்வாசி.
மானியம் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
யாரோ இரக்கப்பட்டுப் போட்டது போல
ஒரு தொனி அந்தச் சொல்லில்.

ஏறியவர்: ஒருவர். இறங்கியவர்: ஒருவர்.
அவள் உருட்டிய உருளைகளுக்கு
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

நேற்று ஸ்டெல்லா வரவில்லை.
முந்தாநாள் இருமினாள் என்றாள் நிங்கம்மா.
வண்டி போனது. டிக்கெட் பூஜ்யம்.
ஸ்ரீராமபுரம் நிறுத்தத்தில்
இன்ஜினை அணைக்காமல், கதவைத் திறந்துவைத்து,
மூன்று நிமிடம் நின்றார்களாம்.

அந்த மூன்று நிமிட டீசலையும்
மானியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.
தணிக்கைக்கு வருகிறவர்
கேட்கட்டும்.