முதுகு வேடம்

பதினேழாம் நாள் காலை கேரவன் கதவு திறக்கவில்லை.
வெளியே இட்லி ஆறி, சட்னி நீர்விட்டு,
உள்ளே ஆளே இல்லை என்று
ஜெனரேட்டர் பையன்தான் முதலில் சொன்னான்.
விடியும் முன்பே கார் திருவனந்தபுரம் போய்விட்டதாம்.

காரணம் கேட்டால் கடியபட்டணத்தில்
வீட்டுக்கு ஒன்று சொல்வார்கள்.
வில்லனுக்கு வசனம் கூடிப்போச்சு.
சம்பளத்தில் இரண்டாம் தவணை வரவில்லை.
கச்சான் காற்றில் விக் நிற்கவில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முந்தின நாள் மாலை பாறைமேல் நின்று
யாரிடமோ போனில் "முடியாது, முடியாது" என்றார்.
நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

தயாரிப்பாளர் ஞானாபரணத்துக்குக் கருங்கல்லில் அண்டியாபீஸ்.
படத்துக்காக அதை வங்கியில் வைத்திருந்தார்.
மணலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி
வெகுநேரம் அதையே பார்த்தார்.
டைரக்டர் மட்டும் நடந்தார்,
அலை வரை, திரும்ப, மறுபடி அலை வரை.
வேலையற்ற குடையை நான் மடக்கிக்கொண்டிருந்தேன்.
"அப்படியே நில்லு" என்றார் பின்னாலிருந்து. "திரும்பாதே."

அன்றிலிருந்து நான்தான் ஹீரோ,
பிடரியிலிருந்து இடுப்பு வரை.
நாளுக்கு எண்ணூறு, மதியம் மீன்குழம்பு.
அவர் சட்டை எனக்குப் பிடித்து இறுக்கியது;
முன்பக்கத் தையலைப் பிரித்துவிட்டார்கள்,
முன்பக்கம்தான் யாருக்கும் வேண்டாமே.
முதுகால் அழக் கற்றேன்.
மூச்சை இழுத்து மெல்ல விட்டு
வலது தோளை மட்டும் தாழ்த்த வேண்டும்.
கதாநாயகி என் தோளுக்கு மேலே எதையோ பார்த்து
உருகி உருகிச் சிரித்தாள்.
பிறகு திரும்பிப் பார்த்தேன்:
ஒரு கம்பு, நுனியில் சிவப்பு டேப்.

கடைசிக் காட்சியில் ஒரு வள்ளம் எரிய வேண்டும்.
செட் வள்ளம் செய்யப் பணம் இல்லை.
பிளவேந்திரனின் வள்ளத்தை விலை பேசினார்கள்.
அறுபதாயிரம். பாதி கையில், பாதி படம் வந்ததும்.
"முன்னே பின்னே ஆவும், ஆனா வரும் இல்லியா?"
என்னிடம்தான் கேட்டான்.
"வரும்லே" என்றேன், சினிமாக்காரன் போல.

பந்தத்தை எறிந்தேன். ஒரே டேக்.
மீனெண்ணெய் குடித்த பலகை, சட்டென்று பிடித்தது.
அணியத்தில் எழுதியிருந்த அவன் மகள் பெயர், மெர்லின்,
கடைசி எழுத்திலிருந்து எரிந்து வந்தது.
'மெ' மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.
எனக்குப் பின்னால் கைதட்டினார்கள்.
பிளவேந்திரனும் தட்டினான்.

படம் தக்கலையில் நாலு நாள் ஓடியது.
சங்கம் அவருக்கு ஓராண்டு தடை போட்டு
ஏழாம் மாதமே மாலை போட்டு நீக்கியது.
அண்டியாபீஸ் வாசலில் ஏல நோட்டீஸ்.
அங்கே தோடு உடைத்த பெண்கள் இப்போது
இரண்டு பஸ் மாறி மார்த்தாண்டம் தாண்டிப் போகிறார்கள்.
பிளவேந்திரன் அடுத்தவன் வள்ளத்தில் பங்குக்கு.
என்னைக் கண்டால் முகம் திருப்புவதில்லை.
நான் கடந்துபோகும் வரை பேசாமல் நின்று
பிறகு ஏதோ சொல்கிறான், என் முதுகிடம்.
காற்றில் சரியாகக் கேட்பதில்லை.

தியேட்டரில் டெல்பின் முதல் ஷாட்டிலேயே கண்டுபிடித்தாள்.
"உங்க மச்சம்லா அது!"
முன்வரிசையில் யாரோ "ஸ்ஸ்" என்றான்.

ஓடிப்போனவரை ஊரே ஏசும்போது
நான் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பேன்.
பந்தம் கையில் இருந்தபோது
அந்தச் சொல் எனக்கும் தெரிந்திருந்தது.
பாறைமேல் கேட்டவன்தானே, இரண்டு தடவை.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு போன்.
வேறு படம், வேறு ஹீரோ, பாதியில்.
தோள் அளவு அனுப்பச் சொல்கிறார்கள்.
தையல் டேப்பை எடுத்துவந்து
"அசையாம நில்லுங்க" என்கிறாள் டெல்பின்.
ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு
அவள் விரல் போய்க்கொண்டிருக்கிறது.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.