ஐந்து விநாடி

சொத்காமோ சாலையில் ஒரு பைன் மரம்
பனிச்சுமை தாளாமல் கம்பிமேல் சாய்ந்தது.
முதலில் நடந்தது அவ்வளவுதான்.
நாற்பத்தோராயிரம் வீடுகள் இருண்டன.
நாற்பத்தோராயிரம் மீட்டர்கள்
பாதிச் சொல்லில் வாய் மூடின.

இருட்டு என் வேலையில்லை.
அதற்கு ஏணியும் கையுறையும் உள்ள ஆட்கள்
மைனஸ் இருபத்தாறில் வெளியே நிற்கிறார்கள்.
என் வேலை
வெளிச்சம் வந்த பிறகு தொடங்கும்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வந்தது,
எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில்.

கண் விழித்த மீட்டர் செய்யும் முதல் காரியம்
என் சர்வரின் கதவைத் தட்டுவது.
பதில் இல்லையா,
ஐந்து விநாடி பொறு, மறுபடி தட்டு.
நான் எழுதிய வரிதான்.
மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை,
சவுனா சூடாகிவிட்டதென்று
வீட்டிலிருந்து அழைப்பு வந்த அவசரத்தில்.

உள்ளே இடம் பதினாறாயிரம் பேருக்கு.
மிச்சப் பேர் திரும்பினார்கள்,
ஐந்து எண்ணினார்கள்,
ஒன்றாகவே வந்தார்கள்.
பந்திக்கு முந்து என்பதை மட்டும்
பாடமாகப் படித்த பிள்ளைகள்.

உள்ளே வந்தவர்களுக்கும் நிம்மதியில்லை.
"இருக்கிறாயா?" என்று அவர்கள் கேட்ட நேரம்
சர்வர் வாசலில் மல்லுக்கு நின்றது.
இல்லை போலும் என்று நினைத்து
அவர்களும் வெளியேறி
அதே கதவைத் தட்டினார்கள்.

திரையில் வரைபடம் ரம்பத்தின் பல்லானது.
ஏறும், விழும், ஏறும்.
ஐந்து விநாடிக்கு ஒரு பல்.

இடத்தை இரட்டிப்பாக்கினேன்.
நினைவகம் நிரம்பி
சர்வரே மயங்கி விழுந்தது.
எழுப்பினேன்.
எழுந்ததும் வாசலில் நாற்பத்தோராயிரம்.

ரொவானியெமியிலிருந்து அன்டெரோ போனில் வந்தான்.
மாமன் வீட்டில் கலைமான் உண்டு அவனுக்கு.
"பட்டியின் வாயை அகலமாகத் திறந்தால்
மந்தை நெரிந்து சாகும், ஹெல்கா.
குறுக்கு."

குறுக்கலாம்.
ஆனால் கலைமானுக்கு
முன்னால் போகும் மானின் பின்புறம் தெரியும்.
மூச்சின் ஆவி முகத்தில் படும்.
இவற்றுக்கு அதுவும் இல்லை.
ஒவ்வொன்றும்,
உலகத்தில் இந்த நேரத்தில்
விழித்திருப்பது தான் மட்டும் என்று நினைத்து
மிக மரியாதையாகத் தட்டுகிறது.
கூட்டத்தில் ஒருவருக்கும்
கூட்டம் என்று தெரியாது.

ஐம்பது நிமிடம் எல்லாரையும் வாழவைக்கப் பார்த்தவள்
கடைசியில் மறுக்கப் பழகினேன்.
விநாடிக்கு இருநூறு பேர்.
இருநூற்றோராவது ஆளுக்கு
வாசலிலேயே, உடனே, "இல்லை".
காக்கவைத்து நசுக்குவதைவிட
முகத்துக்கு நேரே இல்லை என்பது
எவ்வளவு இலேசு என்று
சர்வரின் மூச்சு சொன்னது.

நுழைந்தவர் ஒவ்வொருவர் கையிலும்
திருத்திய வரியைக் கொடுத்தேன்:
இனிமேல் ஐந்து எண்ணாதே.
பகடை உருட்டு.
விழுந்த எண்ணிக்கைக்குப் பொறு.
வெளியே நிற்பவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை.
அவர்கள் பழையபடி எண்ணிக்கொண்டே இருந்தார்கள்,
தங்கள் முறை வரும்வரை.

மூன்றரை நிமிடம். முடிந்தது.
காப்பியை அப்போதுதான் பார்த்தேன்,
மேலே ஆடை கட்டியிருந்தது.

ஒன்று குறைந்தது.
ஓலுயார்வி ஏரிக்கரை, 30718.
சர்வர் அதன் பெயரில் ஒரு வரிசையைத் திறந்து வைத்து
வராதவனின் தபாலை அடுக்கிக்கொண்டிருந்தது.
அழிக்கலாமா என்று அன்டெரோ கேட்டான்.
அது ஒன்றும் இடத்தை அடைக்கவில்லை என்றேன்.

நாலு பத்துக்கு வந்தது.
மோத ஆளில்லாத வாசலில் ஒரே ஒரு தட்டு.
தன் இரவு முழுவதையும்
வரிசை தப்பாமல் ஒப்பித்தது:
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
கோடையில் மட்டும் ஆள் வரும் வீடு.

ஒவ்வொரு பூஜ்யத்துக்கும்
சர்வர் தனித்தனியாகப் பதில் சொன்னது:
கிடைத்தது.
கிடைத்தது.