கைப்பட

டைப் அடித்தால் செல்லாதாம்.
முழுவதும் என் கையெழுத்தில் வேண்டும்,
ஊர், தேதி, கையொப்பம் உட்பட.
பிரேமர்ஹாஃபன், நவம்பர் ஒன்பது.
கிரேன் கூண்டிலிருந்து
நாற்பது டன் கன்டெய்னரைப்
பூப்போல இறக்கி வைப்பவள்
பேனாவை இறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சொத்து சீக்கிரம் முடிந்துவிட்டது.
சேமிப்புக் கணக்கு, துருப்பிடித்த ஓப்பல்,
அப்பா விட்டுப்போன தொலைநோக்கி,
எல்லாம் யெட்டெவுக்கு.
கடனுக்கும் ஒரு வரி.

பிறகு அந்த வரி:
நான் இல்லாமல் போனால் என் மகளை

அக்கா கேசாவின் வீடு பெரிது.
ஈஸ்டருக்குப் பாதாம் கேக் அனுப்பியிருந்தாள்,
குழந்தைக்குப் பாதாம் ஆகாதென்பதை
இந்த வருஷமும் மறந்து.
அவள் அப்பன்
எந்தத் துறைமுகத்தில் இருக்கிறானோ,
கப்பலுக்கே தெரியாது.

மேல்மாடி ஃபோல்கெர்ட்
தபால்காரன், தனிக்கட்டை, கொஞ்சம் திக்குவாய்.
எனக்கு இரவு ஷிஃப்ட் என்றால்
தன் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவான்,
இவள் இருமினால் கேட்கட்டுமென்று.

எழுதினேன்.
பெயரில் ஓரெழுத்து பிசகியது.
அடித்துத் திருத்தினால் செல்லுமோ என்னவோ,
புதுத் தாளில் முதலிலிருந்து.

"யாருக்கும்மா லெட்டர்?"
வாய் நிறையப் பற்பசை நுரையோடு யெட்டெ.
எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்துவிட்டாள்.
"மேலதானே இருக்கார்?
போய்க் கேட்டுடலாமே."

கேட்கவில்லை நான்.
நாற்பது வரி எழுதியும்
அவனிடம் ஒரு வார்த்தை
கேட்கவேயில்லை.

பதினெட்டுப் படி.
மை காயாத தாளோடு
வெறுங்காலில் ஏறுகிறேன்.
கதவு திறந்துதான் இருக்கிறது,
இன்று எனக்கு விடுமுறை என்று
தெரிந்தும்.