ஏழாவது வார்டுக்கு ஒரு குடை

கோயம்புத்தூர்க் கடைக்காரர்
வெள்ளிக் குடையைத்தான் விரித்துக் காட்டினார்.
"இதுல அடிச்சீங்கன்னா மேடம்,
கறுப்பு மூஞ்சியும் சும்மா தகதகன்னு வரும்."
புளி போட்டுத் தேய்த்தால்
பித்தளைக் குடமும் அப்படித்தான் வரும் என்று
சொல்லவில்லை.
விலை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

என் ஸ்டுடியோ டானிங்டன் முக்கில்,
மருந்துக்கடைக்கு மேலே.
பன்னிரண்டுக்குப் பத்து.
கூரைப் பலகை கைக்கு எட்டும்.
அறுபது அங்குலக் குடையை உள்ளே விரித்தால்
நானோ படம் எடுக்க வந்தவரோ
யாராவது ஒருவர் படிக்கட்டில் நிற்க வேண்டும்.

முதலில் வாங்கியது வெள்ளை.
துணி வழியாகவே வெளிச்சம் பாயும் ரகம்.
நல்ல குடைதான். குற்றம் சுவருடையது.
எஸ்டேட் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை
வீட்டுக்காரர் இங்கே தீர்த்திருந்தார்.
பாதி ஒளி முகத்துக்குப் போனால்
மீதி பின்னால் சிதறிப்
பச்சையில் பட்டுத் திரும்பும்.
அந்த மாதம் கோத்தகிரி மாப்பிள்ளைகள் எல்லோருக்கும்
தாடைக்கடியில் பாசி பிடித்திருந்தது.

இப்போது இருப்பது
உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு,
நாற்பத்து மூன்று அங்குலம்.
ஆளுக்கு முதுகு காட்டி நிற்கும் ஃபிளாஷ்
குடையிடம் கத்துகிறது.
குடை அதை மெல்லிய குரலில்
முகத்திடம் சொல்கிறது.
சுவர் காதுக்கு எதுவும் போவதில்லை.

பெரிய லைட் வாங்கவில்லை.
ஐப்பசியில் இங்கே கரண்ட் விருந்தாளி.
நாலு பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிளாஷ் இரண்டு வாங்கினேன்.
ஒன்றே போதுமென்று பிறகுதான் தெரிந்தது.
மற்றது டப்பாவுக்குள்,
பூஞ்சைக்குப் பயந்த லென்ஸோடு தூங்குகிறது.

மாதி ஜோகி நனைந்துகொண்டு வந்தார்.
சுயேச்சை. ஏழாவது வார்டு.
தலையில் வெள்ளைத் துணி,
தோள் முழுக்க வெள்ளை முண்டு,
நடுவே தேயிலைக் காட்டு வெயில் தின்ற முகம்.
"கொஞ்சம் வெளுப்பாக் குடுங்க, பேனர் எடுப்பா இருக்கும்"
என்றார் கூட வந்த ஏஜென்ட் கிரிதரன்.
"ஹட்டி நாய் பேனரைப் பார்த்துக் குரைக்கக் கூடாது"
என்றார் மாதி. "அவ்வளவுதான்."

துணிக்கு அளந்தால் முகம் இருட்டில் போகிறது.
முகத்துக்கு அளந்தால் துணி சுண்ணாம்பாகிறது.
குடையை இரண்டடி தள்ளினேன்.
பக்கவாட்டில் திருப்பினேன்,
அதன் விளிம்பு வெளிச்சம் மட்டும் கன்னத்தைத் தொடும்படி.
பதினாறில் ஒரு பங்கு பலம்.
மூக்குக் கண்ணாடியில் இன்னும் குடை தெரிந்தது.
ஸ்டாண்டை உயர்த்தினேன், பலகை இடித்தது.
கடைசியில் கண்ணாடிக் காம்பைக்
காதிலிருந்து ஒரு விரல் தூக்கிவிட்டேன்.
"இதுக்கா இவ்வளவு நேரம்?"

அப்போது கரண்ட் போனது.

செல்போன் டார்ச்சில் அவர் கண்ணைத் தேடி
ஃபோகஸ் வைத்து, டார்ச்சை அணைத்தேன்.
ஜன்னலில் மஞ்சு. அறையில் யாருமில்லாத மாதிரி இருந்தது.
இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"குடைச் சின்னம்தான் கேட்டேன்.
பூட்டு சாவியைக் குடுத்துட்டாங்க.
இங்க பாரு, குடை சும்மா நிக்குது."
சொல்லிச் சிரித்தார்.
அழுத்தினேன்.

ஒரு கணம் இருந்தார்.
பிறகு என் கண்ணுக்குள் வெகுநேரம்
ஊதா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. பத்தடி.
முண்டின் நெசவு தெரிகிறது.
கிரிதரனுக்கு வருத்தம்,
காசு செலவழித்தும் அதே முகமா என்று.
நாய்கள் அடியில் படுத்திருக்கின்றன.
மழைக்கு ஒதுங்கி நிமிர்ந்து பார்த்தேன்:
ஒவ்வொரு கண்மணியிலும் விரிந்த குடை ஒன்று,
எட்டுக் கம்பியும் எண்ணலாம்.
குடைக்குப் பக்கத்தில் கடுகளவு கறுப்பாய்
யாரோ குனிந்திருக்கிறார்கள்.
நான்தான்.

வியாழக்கிழமை ஓட்டு.
எனக்கு ஆறாவது வார்டு.