கலவை மெலிவு

பார்மன் மேட்டுச் சாலையில் சிவப்பு விழுந்தால்
எனக்கு வியர்க்கும்.
நின்ற இடத்தில் வண்டி நடுங்கும்.
முள் எழுநூறுக்கு இறங்கும், ஆயிரத்து நூறுக்கு ஏறும்,
மறுபடி இறங்கும்,
போகவா இருக்கவா என்று வாசலில் நின்று
செருப்பை மாட்டிக் கழற்றும் விருந்தாளி மாதிரி.
பச்சை வந்து மிதித்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டாயிரமாம் ஆண்டு கோல்ஃப்.
நானும் பிரமிளாவும் பாதிப் பாதி போட்டு வாங்கியது.
செப்டம்பரில் அவளுக்குக் கீல் நகரில் வேலை கிடைத்தது.
நல்ல குடையை எடுத்துக்கொண்டு
வண்டியை எனக்கு விட்டாள்.
அக்டோபரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

குறியீடு வாசிக்கும் கருவி, இருபத்திரண்டு யூரோ.
அது சொன்னது: கலவை மெலிவு.
காற்று அதிகம், பெட்ரோல் போதாது.
அதற்குச் சொன்னது
புகைக்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார்.
"அப்போ அதுதான் பழுது" என்றார் யான்கோவ்ஸ்கி,
கையைத் துணியில் துடைத்தபடி.
நூற்றெண்பது.
நான்கு நாள் இருட்டு. ஐந்தாம் நாள் அதே மஞ்சள்.
"அப்போ காற்றை அளக்கிற சென்சார்."
அதற்கு இருநூற்றுப் பத்து.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
அதன் பிளக்கை நானே கழற்றி ஓட்டிப் பார்த்தேன்.
நடுக்கம் நடுக்கமாகவே இருந்தது.

எல்பர்ஃபெல்டில் காதுக்கருவிக் கடையில் எனக்கு வேலை.
பெட்டிக்குள் இருப்பவருக்கு ஒரு கீச்சொலி அனுப்பிவிட்டு
கை உயர்கிறதா என்று கண்ணாடிக்கு இப்பால் காத்திருப்பேன்.
ஃப்ராவ் லூட்கே வருஷக்கணக்காகச் சொல்கிறார்:
என் காதில் பிழையில்லை,
என் புருஷன்தான் முணுமுணுக்கிறார்.
இதைச் சொல்லாதவர் யார்? தலையாட்டி வைப்போம்.
நவம்பரில் ஒரு வியாழன் அவரே கூட வந்தார்.
பெயர் கேட்டேன். மூன்று தரம் கேட்டேன்.
மனிதர் உண்மையிலேயே முணுமுணுத்தார்.

அன்று மாலை தொங்கு ரயிலில்,
கீழே வுப்பர் ஆறு பழுப்பாய் ஓட,
எழும்பி நின்றுவிட்டேன், என் நிறுத்தம் வராமலே.
அந்தச் சென்சார் பொய் சொல்லியிருக்காது.
எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது.
அது மட்டும்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது,
நாங்கள் அதைப் பிடுங்கி எறிந்தோம்.

சனிக்கிழமை. மூடி திறந்த வண்டி, ஓடும் எஞ்சின்.
ஒரு மீட்டர் தண்ணீர்க் குழாய், ஒரு முனை என் காதில்.
மறுமுனையை மெல்ல நகர்த்தினேன்,
பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கிட்டப் போகாமல்.
எதிர்வீட்டுத் திரை விலகி மூடியது.
தட தட. டிக் டிக். தட தட.
பிறகு எஞ்சினின் பின்புறம், கண் போகாத வளைவில்,
பல்லிடுக்கில் உறிஞ்சுவதுபோல்
ஸ்ஸ்ஸ்.
விரலை விட்டுத் தடவினேன். எண்ணெய் ஊறிப்போன ரப்பர்,
அடியில் ஒரு கீறல், நகம் நுழையும் அளவு.
அழுத்திப் பிடித்தேன்.
வண்டி மூச்சு விட்டது. முள் எண்ணூறில் நின்றது.
கை சுடச்சுட நானும் நின்றேன்.

புது வளைவு பதினொரு யூரோ.
யான்கோவ்ஸ்கியிடம் பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வந்து
மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியாது.

ஆனால் நடுக்கம் போனபின்தான் பெட்ரோல் வாடை வந்தது.
ஓட்டை அடைபட்டது எஞ்சின் மூளைக்கு இன்னும் தெரியாது.
மாதக்கணக்காய்க் கூட்டி ஊற்றிப் பழகிய கை.
கருவியில் பார்க்கிறேன்: பதினெட்டு சதவீதம் கூடுதல்.
மறுநாள் பதினாலு. பிறகு ஒன்பது.
அவசரப்படுத்த முடியாது, ஓட ஓடத்தான் குறையுமாம்.

மாடிக்கு ஏறி அரிசி கழுவி அடுப்பில் வைத்தேன்.
கொதி வந்த பிறகு பார்த்தால்
இரண்டு பேருக்கு அளந்திருக்கிறேன்.
பரவாயில்லை, நாளைக்கு ஆகும்.
புதன்கிழமை வண்டிச் சோதனை.